ஊர் டாக்டர் கையிலும் கொஞ்சம் பணம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் வலை இழுக்கும்போது என் மாமாவின் காலில் திருக்கை முள் ஏறிவிட்டது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டரம்மா நல்ல மாதிரி. வெந்நீரில் காலை வைக்கச் சொல்லி, புண்ணைக் கழுவி, ஊசி போட்டார். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பட்டைதான் கிழிந்து, பிளாஸ்திரி ஒட்டிக் கிடந்தது. அதை மாற்றக்கூட மேலே எழுதிப் போட்டுக் காத்திருக்கிறார்களாம். எக்ஸ்ரேவுக்கு ராமநாதபுரம். வேன் வாடகையோடு இரண்டு நாள் தொழிலும் போச்சு.

நோயாளியைப் பார்க்கிற டாக்டரிடமே செலவு அதிகாரத்தைக் கொடுத்தால் என்ன? இங்கிலாந்தில் 1991இல் விருப்பப்பட்ட குடும்ப டாக்டர்களிடம் அப்படி, நோயாளிகளின் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கான பணத்தை ஒப்படைத்தார்கள். அவர்களுடைய நோயாளிகளுக்கு மட்டும் பெரிய ஆஸ்பத்திரியில் சீக்கிரம் இடம் கிடைக்கிறது என்று புகார் கிளம்பியது, 1999இல் கைவிட்டார்கள். 2013இல் டாக்டர்கள் தலைமையிலான குழுக்களிடம் கொடுத்து, 2022இல் அதையும் கலைத்தார்கள். மொத்தப் பணத்தையும் தலையில் கட்டினால் டாக்டர் கணக்குப்பிள்ளை ஆகிவிடுவார். அவ்வளவு வேண்டாம்.

அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் நம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தில் ஒவ்வொரு நிலையத்துக்கும் பாஸ்புக் உண்டு. ஒதுக்கிய தொகைக்குள் மருந்து கேட்டு வாங்கலாம். அதேபோல் கருவி பழுதுக்கும், வெளியே எடுக்கும் எக்ஸ்ரேவுக்கும், மேல்சிகிச்சைக்குப் போகிறவரின் வண்டிச் செலவுக்கும் ஒரு தொகை ஒதுக்கட்டும். கணக்கை மாதாமாதம் வாசல் பலகையில் எழுதிப் போடட்டும். மீன் ஏலக் கணக்கே வாய்ப்பாடாகத் தெரிந்த எங்கள் பெண்கள் அதைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு வாசகர்