கால் முதலில், கரை பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், மீனிலிருந்து நான்கு கால் விலங்குகள் தோன்றிய கதையைப் படித்தேன். எளிமையாக எழுதியிருக்கிறார்கள், ஆனால் கதையில் முன்பின் மாறிவிட்டது. குளம் வற்றியது, தவித்த மீன் கரையேறியது, தத்தித் தத்தி நடந்ததில் அதற்குக் கால் முளைத்தது என்கிறது கட்டுரை. பாறைக்குள் கிடைத்த எலும்புகள் அப்படிச் சொல்லவில்லை.

1987-இல் தொல்லுயிர் ஆய்வாளர் ஜென்னி கிளாக்கின் குழு கிழக்குக் கிரீன்லாந்தில் தோண்டியெடுத்த, அகாந்தோஸ்டெகா என்ற ஆதி நான்கு கால் விலங்கைப் பாருங்கள். சுமார் 36.5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. முன்னங்காலில் எட்டு விரல்கள். விரல் இருந்தால் நடந்திருக்குமே என்று தோன்றும். ஆனால் அதன் மணிக்கட்டு உடல் எடையைத் தாங்கும் வலுவுடன் அமையவில்லை. தொண்டை எலும்புகளில், செவுளுக்கு இரத்தம் கொண்டுபோன நாளங்கள் பதிந்த பள்ளங்கள் தெரிகின்றன. வாலிலோ மீனுக்கே உரிய துடுப்பு. காலும் விரலும் வந்த பிறகும் அது தண்ணீரைவிட்டுப் போகவில்லை.

ஐந்து விரல்தான் தொன்மையானது என்ற நம்பிக்கையும் இத்துடன் போயிற்று. இக்தியோஸ்டெகா என்ற இன்னோர் ஆதி நான்கு கால் விலங்கின் பின்னங்காலுக்கு நெடுங்காலம் ஐந்து விரல் போட்டே வரைந்து வந்தார்கள்; பிறகு கிடைத்த காலில் எண்ணினால் ஏழு!

டிக்டாலிக் என்ற புதைபடிவ மீனை ஒரே வரியில் கடந்துவிட்டதில் எனக்குக் குறைதான். அது தற்செயலாகக் கிடைத்த பொருள் அன்று. துடுப்புள்ள மீன்களுக்கும் காலுள்ள விலங்குகளுக்கும் இடைப்பட்ட காலத்துப் பாறை எங்கே வெளியே தெரிகிறது என்று தேடி, ஆய்வாளர்கள் நீல் ஷூபினும் டெட் டேஷ்லரும் கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவுக்குப் பல கோடைகள் போய்வந்து, 2004-இல் கண்டெடுத்தார்கள். வெளியே செதிலும் துடுப்பும். துடுப்பைப் பிரித்துப் பார்த்தால் நம் கையின் வரிசை: மேலே ஓர் எலும்பு, அடுத்து இரண்டு, அப்புறம் மணிக்கட்டு போன்ற சிறு எலும்புகள். செவுள் மூடி எலும்புகள் மறைந்து, தலை தோளிலிருந்து விடுபட்டிருந்தது. மீனுக்குக் கழுத்து ஏது? இதற்கு இருந்தது.

அதை "நம் நேரடி மூதாதை" என்று எழுதியதையும் திருத்த வேண்டும். டிக்டாலிக்கின் வயது சுமார் 37.5 கோடி ஆண்டு. போலந்தின் சகேல்மியே கற்சுரங்கத்தில் கிடைத்து 2010-இல் அறிவிக்கப்பட்ட தடங்களோ சுமார் 39 கோடி ஆண்டுப் பழையவை. அவை காலடித் தடங்கள்தாமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் அவை காலடிகளே என்றால், டிக்டாலிக்கை நமக்குப் பாட்டன் என்று சொல்ல முடியாது. பங்காளி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கட்டுரையுடன் வந்த படத்தில், ஐந்து விரலுடன் ஒரு மீன் மணலில் கால் பதிக்கிறது. அடுத்த முறை அகாந்தோஸ்டெகாவை வரையும்போது ஓவியர் அதைத் தண்ணீருக்குள் விட்டு, விரல்களை எட்டாக எண்ணிப் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்