கம்பிக்கூண்டு தேவைப்படாத ஒரு சிலை: ஈரோடு மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

ஈரோடு மாநகராட்சி மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மணிக்கூண்டு, ஜவுளிச் சந்தையான கனி மார்க்கெட் இருக்கிற நம் பழைய ஈரோட்டின் நடுவில் நிரந்தரமாக ஒரு கற்சிற்பம் வேண்டும், அதை மாநகராட்சியே முன்னின்று செய்ய வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். சிலை என்றதும் யாருடைய சிலை என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நான் கேட்பது மனிதர் சிலை இல்லை. மூட்டைகளின் சிலை.

எங்கள் அப்பாரு (தாத்தா) இந்தத் தெருக்களில் மூட்டை தூக்கியவர். திங்கட்கிழமை ராத்திரி ஜவுளிச் சந்தைக்குப் போனால் செவ்வாய் சாயங்காலம்தான் வீட்டுக்கு வருவார். கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் போகிற துணி மூட்டைகள் அவர் தலைமேல் ஏறித்தான் லாரிக்குப் போயின. மஞ்சள் வரத்துக் காலத்தில் மண்டி வேலை. அந்த மாதங்களில் அவருடைய துண்டை எத்தனை முறை துவைத்தாலும் வெளுக்காது. பக்கத்தில் படுத்துத் தூங்கினால் எங்கள் சட்டையிலும் மஞ்சள் வாசம் ஒட்டிக்கொள்ளும். ஈரோடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவது ஜவுளியும் மஞ்சளும்தான். இரண்டுமே மூட்டையாகக் கட்டப்பட்டு, ஒரு ஆள் தூக்கி, ஊரை விட்டுப் போனவை.

அதனால் நான் மனதில் பார்க்கும் சிற்பம் இதுதான். ஏழெட்டு மூட்டைகள், கருங்கல்லில், நிஜ அளவில், பீடம் இல்லாமல் தரையிலேயே. கயிறு இறுகின இடத்தில் துணி பிதுங்கி நிற்பது தெரிய வேண்டும். சாக்கின் தையல், முடிச்சு, ஒரு மூட்டை மேல் கழற்றி வைத்த சும்மாடு. சந்தைக்கு வந்த வியாபாரி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அதன்மேல் உட்காரலாம். குழந்தைகள் ஏறலாம். கோயில் தூண் கை பட்டுப் பட்டு வழவழப்பாவது போல நூறு வருஷத்தில் இதுவும் மின்ன வேண்டும்.

தமிழ்நாட்டில் எத்தனை தலைவர்களின் சிலைகள் கம்பிக்கூண்டுக்குள் நிற்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். யாராவது கை வைத்துவிட்டால் ஊரே கலவரமாகும் என்ற பயத்தில் பூட்டி வைத்திருக்கிறோம். பெரியார் பிறந்த ஊரிலிருந்து இதை எழுத எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. மூட்டைக்குச் சாதியும் இல்லை, கட்சியும் இல்லை. அதற்குக் கூண்டு வேண்டியதில்லை, காவலுக்குப் போலீஸும் வேண்டியதில்லை.

மூட்டைக்கு எதற்குச் சிலை என்று உங்களில் சிலர் கேட்கலாம். சென்னை மெரினாவில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். பாறையைப் பெயர்க்கும் அந்த நான்கு பேருக்கும் பெயர் கிடையாது. ஆனாலும் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் அடையாளம். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். உடுமலைக்குப் பக்கத்தில் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்கு மாட்டுப்பொங்கல் சமயத்தில் நம் விவசாயிகள் மண்ணில் செய்த மாடு கன்று உருவாரங்களைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். தன்னோடு பாடுபட்ட ஜீவனுக்கு உருவம் செய்து வைப்பது கொங்கு நாட்டுக்குப் புதிதே இல்லை. புலியோடு சண்டை போட்ட வீரர்களுக்காகக் காட்டோரம் நிற்கிற புலிகுத்திக் கற்களும் பீடத்தின்மேல் ஏறி நிற்பவை அல்ல, மண்ணில் நட்டவைதான்.

இடம் பற்றி ஒன்று. பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலை வைக்க அனுமதிக்கக் கூடாது என்று 2013ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது நியாயம்தான், மணிக்கூண்டுப் பக்கம் நடக்கவே வழியில்லை. எனவே ரோட்டுக்கு வர வேண்டாம். கனி மார்க்கெட்டை ஒட்டி மாநகராட்சிக்குச் சொந்தமான, வண்டி போகாத ஒரு மூலை போதும். நிழலுக்கு ஒரு வேப்பமரமும் வையுங்கள்.

யார் செய்வது என்பதில்தான் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ஃபைபரில் அச்செடுத்துப் பெயின்ட் அடித்த பொம்மை சீக்கிரம் கிடைக்கும், நம் வெயிலில் சீக்கிரம் வெளுத்தும் போகும். இங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் திருமுருகன்பூண்டி இருக்கிறது. அங்கே ரோட்டோரப் பட்டறைகளில் உளிச் சத்தம் கேட்காத நாளே கிடையாது. கல்லில் துணி மடிப்பு வருமா என்று சந்தேகம் இருந்தால் ஒரு நாள் கோவை பக்கம் பேரூர் கோயிலின் கனகசபை மண்டபத்துக்குப் போய் நின்று பாருங்கள். அங்கே கல்லிலேயே சங்கிலி தொங்குகிறது.

ஆனால் சாக்கடை வேலைக்கு விடுவதுபோலக் குறைந்த விலைக்காரருக்கே கொடுக்கும் டெண்டரில் இதை விட்டுவிடாதீர்கள். முதலில் மூன்று நான்கு சிற்பிகளை அழைத்து, கூலி கொடுத்து, களிமண்ணில் சின்ன மாதிரி செய்யச் சொல்லுங்கள். கூலி இல்லாமல் மாதிரி கேட்பது முறையல்ல. அந்த மாதிரிகளை மார்க்கெட்டிலேயே ஒரு மாதம் வையுங்கள். கடைக்காரர்கள், நெசவாளர்கள், முக்கியமாகச் சுமைப்பணித் தொழிலாளர்கள் பார்த்துக் கருத்துச் சொல்லட்டும். முடிச்சு தப்பாக இருந்தால் அவர்கள்தான் கண்டுபிடிப்பார்கள். அப்புறம் வேலைப்பாட்டையும் விலையையும் தனித்தனி உறையில் வாங்கி முடிவு செய்யலாம். கல்தூசி நெஞ்சுக்குக் கெடுதல் என்பதால் பெரிய செதுக்கல் பட்டறையிலேயே நடக்கட்டும். கடைசி நுணுக்கு வேலையை மட்டும் சந்தைக்குள் வைத்துச் செய்தால் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

ஓரத்தில் ஒரு கல்வெட்டு வரும், தெரியும். அதில் திறந்து வைத்தவர் பெயருக்கு முன்னால் சிற்பியின் பெயர் இருக்கட்டும்.

அப்பாருவின் சும்மாடு இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. பழைய துணியைத் திரித்து அவரே சுற்றியது, நடுவில் அவர் தலையின் பள்ளம் அப்படியே இருக்கிறது. சிற்பிக்கு மாதிரி வேண்டுமென்றால் நானே கொண்டுவந்து தருகிறேன். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
கனி மார்க்கெட் பகுதியில் வளர்ந்த ஒருவன்