ஐமேக் என்று பெயர் சூடிய பெட்டி

ரோஸ்ஹில், மொரீசியஸ்
கார்த்திகை, 2025

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்துப் படங்களை வீட்டில் எல்லோரும் பார்த்து மகிழ்ந்தோம். தங்கையின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் நீ எழுதவில்லை. கடிதத்தின் கடைசியில், உன் மாடி அறையில் இருக்கும், ஏ.எம்.டி.யின் ரைசன் சிப் வைத்த கம்ப்யூட்டரில் ஆப்பிளின் மேக் ஓ.எஸ். ஏற்றலாமா என்று கேட்டிருந்தாய். வெறுமனே 'வேண்டாம்' என்று எழுதினால் நீ கேட்கமாட்டாய் என்பது விடுதிக் காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். ஆகவே நான் பட்ட பாட்டை முழுதாகவே எழுதுகிறேன்.

தைப்பூசத்துக்கு எங்கள் கோயில் சங்கம் வெளியிடும் காவடி மலரை இத்தனை ஆண்டுகளும் ஐமேக் என்ற ஒரு பழைய ஆப்பிள் கம்ப்யூட்டரில்தான் பக்கம் கட்டி வந்தோம். பணத்தாளிலேயே தமிழ் எழுத்து இருக்கிற நாடு இது. ஆனால் கிரியோல் பேசி வளரும் எங்கள் பிள்ளைகள் ஆண்டில் ஒருமுறையாவது கையில் எடுத்துப் புரட்டும் தமிழ் அச்சு அந்த மலர்தான். போன ஜூனில் அந்த ஐமேக் உயிரை விட்டது. வட்டு பிழைத்துக்கொண்டது. பழைய மலர்கள் எல்லாம் மேக்குடன் வரும் இணைமதி எழுத்துருவில் கட்டப்பட்டவை. வேறு இடத்தில் திறந்தால் வரிகள் இடம்பெயர்ந்து, திருப்புகழ் அடிகள் பாதியில் உடைந்து நின்றன. புது மேக் வாங்கலாமே என்பாய். சங்கத்தின் கையிருப்பைப் பார்த்தால் அப்படிச் சொல்லமாட்டாய்.

என் மகன் விளையாட்டுக்காகத் தானே பொறுக்கிக் கூட்டிய பெட்டி ஒன்று சும்மா கிடந்தது. உள்ளே இன்டெலின் பத்தாம் தலைமுறை ஐ5-10400, பி460 தாய்ப்பலகை, என்விடியா ஜி.டி.எக்ஸ். 1650 கார்டு. ஆப்பிள் 2006 ஜனவரியில் இன்டெல் சிப் வைத்த மேக்குகளை விற்கத் தொடங்கியது. 2020இல் வந்த 27 அங்குல ஐமேக்கிலும் இதே பத்தாம் தலைமுறைதான். எனவே உறுப்புகள் ஒரே குலம். இல்லாதது ஆப்பிளின் அடையாளம் மட்டுமே. அந்த அடையாளத்தைக் கொடுப்பது ஓப்பன்கோர் என்ற பூட்லோடர், அதாவது ஓ.எஸ்.ஸை எழுப்பிவிடும் சிறு நிரல். வட்டில் இ.எஃப்.ஐ. என்றொரு மறைவான சிறு பகுதி உண்டு. ஓப்பன்கோர் அங்கே உட்கார்ந்துகொண்டு, ஓ.எஸ். விழிப்பதற்கு முன்பே "நீ இருப்பது ஐமேக் 20,1" என்று அதன் காதில் ஓதிவிடுகிறது. உண்மையான மேக்கில் மின்சாரத்தையும் விசிறியையும் கவனிக்கும் எஸ்.எம்.சி. சிப்பைப் போல நடிக்க விர்ச்சுவல்எஸ்எம்சி என்ற துணை நிரல் இருக்கிறது. ஆப்பிளின் உரிம ஒப்பந்தமோ ஆப்பிள் பெயர் பொறித்த கருவியில் மட்டுமே இதை ஏற்ற அனுமதிக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் செய்தேன், சங்கத்தாரிடமும் மறைக்கவில்லை.

முதல் வேலையாக என்விடியா கார்டைக் கழற்றினேன். அந்தத் தலைமுறை கார்டுகளுக்கு மேக் ஓ.எஸ்.ஸில் டிரைவரே கிடையாது. மகன் முகம் வாடியது. பத்திரமாக உறையில் போட்டு வைத்திருக்கிறேன். இனிச் சிப்புக்குள்ளேயே இருக்கும் யு.எச்.டி. 630தான் படம் காட்ட வேண்டும்.

ஏற்றுவது ஏறிவிட்டது. ஆனால் ஒரு ஜன்னலை இழுத்தால் அது மாட்டுவண்டி போல விட்டுவிட்டு நகர்ந்தது. கிராபிக்ஸ் நினைவகம் எவ்வளவு என்று பார்த்தால் 7 மெகாபைட். நான்கு இரவுகள் இதிலேயே போயின. இந்தக் கிராபிக்ஸுக்கு 3இ9பி0007 என்ற அடையாள எண்ணை ஓப்பன்கோரின் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். நான் அதைப் பார்த்தபடியே எழுதியிருந்தேன். ஆனால் அந்தக் கோப்பில் எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்துக் கடைசி இணையிலிருந்து தொடங்கி, 07009பி3இ என்று எழுத வேண்டுமாம். மாணவர்களுக்கு முப்பது ஆண்டு புணர்ச்சி விதி சொல்லிக்கொடுத்தவன், நிலைமொழியும் வருமொழியும் மாறிக் கிடப்பதைக் கவனிக்காமல் விட்டேன் பார்! திருப்பி எழுதிச் சேமித்து, மறுபடி தொடக்கினேன். ஆப்பிள் சின்னத்துக்குக் கீழே கோடு நிரம்பியது, ஜன்னல் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது.

அடுத்த தலைவலி யு.எஸ்.பி. ஒரு கட்டுப்படுத்தியில் 15 போர்ட்டுகளுக்கு மேல் மேக் ஓ.எஸ். எண்ணாது, நீல நிறத் துளை ஒவ்வொன்றும் பழைய வேகத்துக்கு ஒன்று, புது வேகத்துக்கு ஒன்று என இரண்டாகக் கணக்காகும். ஆகவே பென்டிரைவைத் துளை துளையாகச் செருகி, எது எந்தப் பெயரில் தெரிகிறது என்று வீட்டுக்காரியின் மளிகை நோட்டின் பின்பக்கத்தில் எழுதி, வேண்டாதவற்றை அடித்துவிட்டேன். ஒலிக்கு ஆப்பிள்ஏஎல்சி நிரலில் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்ததில் ஒரு மாலையில் சத்தம் வந்தது. வைஃபை வேண்டாம் என்று கேபிளே போட்டுக்கொண்டேன்.

இப்போது பெட்டி ஒழுங்காக ஓடுகிறது. பழைய மலர்கள் அத்தனையும் வரி பிசகாமல் திறக்கின்றன. வருகிற தைப்பூசத்துக்கான 48 பக்கங்களில் பாதி கட்டியாகிவிட்டது. இருந்தாலும் 'அப்டேட்' என்ற பொத்தானை நான் தொடுவதே இல்லை. இ.எஃப்.ஐ. பகுதியின் நகல் ஒரு பென்டிரைவில் சாமி அறை மாடத்தில் இருக்கிறது. இன்டெல் மேக்குகளுக்கு டஹோ என்ற மேக் ஓ.எஸ்.தான் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் இந்த ஜூனில் அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகு வருபவை ஆப்பிளின் சொந்தச் சிப்புகளுக்கு மட்டுமே என்பதால், இந்த வித்தையும் அத்துடன் நின்றுபோகும். இன்னும் நான்கைந்து மலர்களுக்கு இது உழைத்தால் எனக்குப் போதும்.

இனி உன் பெட்டிக்கு வருகிறேன். ஆப்பிள் எந்த மேக்கிலும் ரைசனை வைத்ததில்லை. அதனால் ஓ.எஸ்.ஸின் மையமான கெர்னலையே தொடக்கும்போது ஒட்டுப்போட்டு, சிப்பில் எத்தனை கோர் என்பதையும் அதில் குறித்துக் கொடுக்க வேண்டும். பலர் செய்திருக்கிறார்கள். ஆனால் நீ எழுதிய ஆர்.டி.எக்ஸ். கார்டு எந்தக் காலத்திலும் அதில் வேலை செய்யாது; ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 580 போன்ற ஒன்றை வாங்கி மாட்டினால்தான் திரையே உருப்படியாக வரும். எனக்காவது திறக்க வேண்டிய மலர்கள் இருந்தன. உனக்கு இருப்பது ஆசை மட்டும்தான் என்றால், அந்தப் பெட்டியில் லினக்ஸ் போட்டுக்கொள். கார்டைக் கழற்றவும் வேண்டியதில்லை.

அப்படியும் மனம் கேட்கவில்லையென்றால், திருகாணியில் கை வைக்குமுன் பலகையின் பெயர், நெட்வொர்க் சிப், ஒலிச் சிப் மூன்றையும் குறித்து எனக்கு அனுப்பு. தங்கையின் முழங்காலைப் பற்றியும் எழுது.

உன் பழைய அறைத்தோழன்