சுவரைப் பார்த்துப் பாடும் பியானோ

அன்புள்ள ஸ்டெல்லா,

உன் கடிதம் கிடைத்தது. பழைய பியானோவை விற்ற அன்று சோறு இறங்கவில்லை என்று எழுதியிருந்தாய். மூன்றாம் மாடிக்கு அதை ஏற்ற வழியில்லை, கடற்காற்றில் சுருதியும் நிற்பதில்லை என்றால் வேறென்ன செய்வது? ஆனால் புது டிஜிட்டல் பியானோ "பெட்டிக்குள் அடைபட்டுப் பாடுகிறது" என்றாயே, அதற்காகத்தான் உடனே எழுதுகிறேன். இரண்டு வருடம் எனக்கும் அதே ஏக்கம் இருந்தது.

பள்ளி மண்டபத்தில் நாம் வாசித்த, அலமாரிபோல் நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் பியானோவின் முதுகில் கை வைத்துப் பார்ப்போமே, நினைவிருக்கிறதா? 200க்கு மேற்பட்ட கம்பிகளின் அதிர்வு அந்த மரப்பலகை முழுவதிலிருந்தும் கிளம்பும். சுவரிலும் கூரையிலும் பட்டுத்தான் பாதி ஒலி நம்மிடம் வந்து சேரும். உன் கருவியில் பலகை கிடையாது. உள்ளங்கையளவு ஸ்பீக்கர்கள், அதுவும் தரையைப் பார்த்தபடி. எவ்வளவு நல்ல பியானோவைப் பதிவு செய்து உள்ளே வைத்திருந்தாலும், அது வெளியே வரும் வாசல் அவ்வளவுதான். யமஹாவின் ட்ரான்ஸ்அகூஸ்டிக் பியானோக்களில் டிஜிட்டல் ஒலியை நிஜ மரப்பலகைக்கே கொடுத்து அதிரவைக்கிறார்கள். அதன் விலை நமக்கு எட்டாது, சுவர் எட்டும்.

தனியாக இரண்டு ஸ்பீக்கர்கள் வாங்கி, பியானோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன், சுமார் ஓர் அடி தள்ளி. முதல் சுரத்திலேயே ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதால் சுட்ட முடியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஸ்டெல்லா. சுவருக்கருகே கீழ்ச்சுரங்கள் கொஞ்சம் உப்பும், கீழ், மேல் சுரங்களின் அளவைத் தனித்தனியே மாற்றும் ஈக்வலைசரில் குறைத்துக்கொள். அறையின் எதிரொலியைச் செயற்கையாகச் சேர்க்கும் 'ரிவெர்ப்' கருவியில் இருக்கும், அதை முழுக்க நிறுத்திவிடு. பதிவில் ஏற்கெனவே ஓர் அறை இருக்கிறது, உன் வீட்டு அறை இன்னொன்று, மூன்றாவது வேண்டாம்.

இதையெல்லாம்விட முக்கியம் ஒலியளவு. நிஜப் பியானோவில் அதைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஏது? நாமோ அக்கம்பக்கத்துக்குப் பயந்து திருகைக் குறைத்துவிட்டு, ஓசை போதாமல் விரலால் அடிக்கிறோம். நீ ஓங்கி அழுத்தினால் நிஜப் பியானோ அளவுக்குக் கேட்கும்படி ஒரு முறை வைத்துவிட்டு, அப்புறம் அந்தத் திருகைத் தொடாதே. மென்மை விரலிலிருந்து வரட்டும். இரவில் மட்டும் ஹெட்போன்.

கட்டைகள் வழியே விரலில் ஏறும் அந்த அதிர்வு இன்னும் கிடைக்கவில்லை. அதை நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உன் அறையின் நீள அகலம், எந்தச் சுவரோரம் பியானோ நிற்கிறது, சுவரில் திரைச்சீலை இருக்கிறதா என்றெல்லாம் எழுது. திரை இருந்தால் கழற்றி வை. டிசம்பரில் வருகிறேன், சேர்ந்தே நகர்த்திப் பார்ப்போம்.

அன்புடன்,
மேரி