மூட்டமான நாளுக்கு ஒரு லென்ஸ்

அன்புள்ள மகனுக்கு,

மணிக்கட்டு வீக்கம் வடிந்துவிட்டதா? மத்தியானத்துக்கு மேல் மேகம் இறங்கியதும் பனிச்சறுக்கில் மேடு எது பள்ளம் எது என்று தெரியாமல் விழுந்தேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். அப்போது போட்டிருந்தது கூலிங் கிளாஸ் என்றும் சொன்னாய். கையைக் கடிக்காத விலையில் நல்ல ஸ்கீ காகிள்ஸ் எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டாயே, போனில் சொன்னால் பாதி மறந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். பனிச்சறுக்கு எனக்குப் பழக்கமில்லை. ஆனால் 26 வருடம் லென்ஸ் வெட்டிப் பொருத்திய கை இது. லென்ஸைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம்.

முதலில் நீ ஏன் விழுந்தாய் என்று பார். பனி முழுக்க ஒரே வெள்ளை. அதில் மேடுபள்ளத்தை நம் கண் நிழலை வைத்துத்தான் கண்டுகொள்கிறது. வெயில் இருந்தால் சின்னத் திட்டுக்குப் பின்னாலும் ஒரு நிழல் விழும். மேகம் மூடிவிட்டால் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் சிதறி வருகிறது, தரையும் அதைத் திருப்பி அனுப்புகிறது, நிழல் கரைந்துபோகிறது. மிச்சமிருந்த கொஞ்ச வித்தியாசத்தையும் உன் கறுப்புக் கண்ணாடி விழுங்கிவிட்டது.

அதனால் மூட்டமான நாளுக்கான லென்ஸை முதலில் தேடு. கடையில் எல்லோரும் வெயில் லென்ஸைத்தான் எடுத்துக் காட்டுவார்கள், அதுதான் பளபளவென்று இருக்கும். உனக்கு வேண்டியது மஞ்சள், ரோஸ் அல்லது வெளிர் ஆரஞ்சு நிறத்தில், வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் லென்ஸ். இந்த நிறங்கள் நீல ஒளியில் ஒரு பகுதியை வடிகட்டுவதால் மங்கலான நிழல்கூட கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். ஆனால் இல்லாத நிழலை எந்த லென்ஸும் உண்டாக்காது. மூட்டம் அதிகமானால் வேகத்தைக் குறைத்துக்கொள், ஓரத்தில் மரங்கள் இருக்கும் பாதையாகப் பார்த்துப் போ. மரம் கண்ணுக்கு ஒரு பிடிமானம்.

நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறாதே. லேபிளில் விஎல்டி என்று ஒரு சதவீதம் இருக்கும். லென்ஸ் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்ற கணக்கு அது. கூடவே எஸ்0 முதல் எஸ்4 வரை ஒரு வகை எண்ணும் இருக்கும். எஸ்0 என்றால் 80 சதவீதத்துக்கு மேல், இரவுக்கு. எஸ்1 என்பது 43 முதல் 80, மூட்டத்துக்கு. எஸ்2 என்பது 18 முதல் 43, வெயிலும் மேகமும் மாறி மாறி வரும் நாளுக்கு. எஸ்3 என்பது 8 முதல் 18, நல்ல வெயிலுக்கு. எஸ்4 அதைவிடக் கறுப்பு, உயரமான பனியாறுகளில் போகிறவர்களுக்கு. அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது.

ஒரு பிரேம், இரண்டு லென்ஸ். ஒன்று எஸ்1, இன்னொன்று எஸ்3. என் கணக்கில் இதுதான் சிக்கனம். இரண்டுக்கும் பணம் இல்லை என்றால், எஸ்2-வில் 40 சதவீதத்தை ஒட்டி ரோஸ் நிறத்தில் ஒன்று வாங்கு. உச்சி வெயிலில் கண் கூசும், ஆனாலும் மூட்டத்தில் வழி தெரியாமல் போவதற்கு அது எவ்வளவோ மேல்.

கறுப்பாக இருந்தால்தான் கண்ணுக்குப் பாதுகாப்பு என்று என்னிடம் வந்த எத்தனையோ பேர் நினைத்தார்கள். புற ஊதாக் கதிரைத் தடுப்பது வேறு, கறுப்பு வேறு. தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடி இன்னும் மோசம், ஏனென்றால் இருட்டில் கண்மணி விரிந்து கதிரை அதிகமாக உள்ளே விடும். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் அந்தக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். மேகம் இருந்தாலும் வரும். கண் வெந்துபோனால் அப்போதே தெரியாது, சில மணி நேரம் கழித்து மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். இதில் உன் பாக்கெட்டுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸ் தானாகவே புற ஊதாவைப் பெரும்பாலும் தடுத்துவிடும், வெளிர் நிற லென்ஸாக இருந்தாலும் சரி. அதனால் விலை குறைந்த காகிள்ஸிலும் இந்தப் பாதுகாப்பு கிடைக்கும். யுவி400 என்றோ 100 சதவீதத் தடுப்பு என்றோ எழுதியிருக்கிறதா, ஐஎஸ்ஓ 18527-1 அல்லது பழைய இஎன் 174 தர எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

விலையை ஏற்றுவது வேறு சங்கதிகள். பந்துபோல் வளைந்த லென்ஸ், முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மின்னும் பூச்சு, லென்ஸ் காந்தத்தில் ஒட்டும் வசதி, கம்பெனிப் பெயர். பக்கவாட்டில் மட்டும் வளைந்த சாதா லென்ஸ் உனக்குப் போதும். வெளிச்சத்துக்கு ஏற்ப நிறம் மாறும் லென்ஸ் ஆசை காட்டும். குளிரில் அது நன்றாகக் கறுக்கும், ஆனால் வெளிறுவதற்கு நேரம் எடுக்கும். வெயிலிலிருந்து மேகத்துக்குள் நுழைகிற அந்த நேரத்தில்தானே உனக்கு வெளிச்சம் வேண்டும்?

சீசன் முடிவில் பழைய மாடல்களைத் தள்ளிவிடுவார்கள், அப்போது வாங்கு. ஆனால் மாற்று லென்ஸையும் அன்றைக்கே சேர்த்து வாங்கிவிடு. ஒரு மாடலின் லென்ஸ் இன்னொன்றில் உட்காராது, அடுத்த வருடம் தேடினால் கிடைக்காமலும் போகலாம்.

நடுவில் காற்று இடைவெளி விட்ட இரட்டை லென்ஸ், உள்பக்கம் ஆவி படியாத பூச்சு, இந்த இரண்டையும் எந்த விலையிலும் விட்டுக்கொடுக்காதே. அப்புறம், நீ பவர் கண்ணாடி போடுகிறவன். கண்ணாடிக்கு மேல் போடுவதற்கென்றே ஆழமாக, பக்க நுரையில் கண்ணாடிக் காம்புக்குப் பள்ளம் வெட்டியிருக்கும் மாடல் உண்டு. உன் கண்ணாடியோடும் ஹெல்மெட்டோடும் போட்டுப் பார். நெற்றியில் இடைவெளி தெரியக்கூடாது, மூக்கை அழுத்தக்கூடாது.

உள்பக்கத்தை மட்டும் விரலாலோ கையுறையாலோ தேய்க்காதே. ஈரமாக இருக்கும்போது அந்தப் பூச்சு மிக மென்மை, ஒரே தேய்ப்பில் போய்விடும். பனியை உதறிவிட்டு மெல்லிய துணியால் ஒற்றி எடு. ஹீட்டர் பக்கத்தில் காய வைக்காதே. ஓய்வு எடுக்கும்போது நெற்றியில் ஏற்றி வைக்காதே, வியர்வை ஆவி முழுக்க உள்ளே போய்ப் படியும்.

வாங்குவதற்கு முன் லேபிளை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு, நான் படித்துச் சொல்கிறேன். மணிக்கட்டையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா