முதல் கேள்விக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்

மாவட்டக் குழந்தைகள் நலக் குழுக்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் வீட்டு நிலையை விசாரித்துச் சமூகப் பணியாளர் எழுதி, உங்கள் மேசைக்கு வரும் சமூக விசாரணை அறிக்கைகளைப் பற்றி எழுதுகிறேன். தகப்பன் குடிக்கிறாரா, வீட்டில் அடிதடி உண்டா, குழந்தை ஏன் பள்ளியை விட்டது என்று படிவம் கேட்பவற்றுக்கெல்லாம் பதில் தருபவர்கள் பெரும்பாலும் அந்தக் குழந்தையும் தாயும்தான். திண்ணையில் உட்கார்ந்து பரிவாகப் பேசிய சமூகப் பணியாளரை நம்பிச் சொல்கிறார்கள். சொன்னது எழுத்தாகி உங்கள் முன் வரும் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

"பயப்படாதே கண்ணு, யாரிடமும் சொல்ல மாட்டேன்." பணியாளர் அன்பினால் சொல்லும் இந்த வாக்கைக் காப்பாற்றச் சட்டம் இடம் தரவில்லை. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆவது பிரிவு. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. ஆற்றுப்படுத்துநருக்கும் (கவுன்சலருக்கும்) விலக்கில்லை. கட்சிக்காரர் தம் வழக்கறிஞரிடம் சொன்னதை வெளியிடக் கட்டாயப்படுத்த முடியாது என்று சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பு, சமூகப் பணியாளர்களான எங்களிடம் சொன்னதற்குக் கிடையாது. உரிமம் பெற்ற சமூகப் பணியாளரிடம் சிகிச்சையின்போது பேசியதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996இல் அந்தப் பாதுகாப்பை அளித்தது. ஆனால் குழந்தை வதையைத் தெரிவிக்கும் கடமை அங்கும் உண்டு. அந்தக் கடமை இருக்கத்தான் வேண்டும்.

எனவே முதல் கேள்விக்கு முன்பே பணியாளர் இப்படிச் சொல்லிவிட வேண்டும்: "உன் பாதுகாப்புக்குத் தேவையானதை நான் குழுவிடம் சொல்வேன். யாராவது உன்னைத் தவறாகத் தொட்டிருந்தால் போலீசுக்கும் சொல்வேன். ஊரிலோ பள்ளியிலோ உறவுக்காரர்களிடமோ எதையும் சொல்ல மாட்டேன்."

இதைக் கேட்டால் குழந்தை வாய் திறக்காது என்று மூத்த பணியாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். பதினைந்து நாளில் அறிக்கை முடிய வேண்டிய அவசரத்தில் அந்தக் கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் உண்மை தெரிந்து இன்று தயங்கும் குழந்தை அடுத்த சந்திப்பில் பேசக்கூடும். தான் சொன்னதை விசாரணை அறையில் கணவர் முன்னிலையில் உரக்க வாசிக்கக் கேட்ட தாய், அதன்பின் யார் போய்க் கேட்டாலும் "ஒரு குறையும் இல்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அந்த வீட்டில் மறுபடி ஆபத்து வந்தால் நமக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 99ஆவது பிரிவின்படி உங்கள் முன் வரும் அறிக்கைகள் இரகசியமானவை. தேவையென்று நீங்கள் கருதினால் பெற்றோருக்கு அறிக்கையின் சாரத்தைத் தெரிவிக்கலாம் என்றுதான் அது சொல்கிறது. அப்படியிருக்க, முழு அறிக்கையையும் எல்லோர் முன்பும் படிப்பது எதற்காக? அறிக்கையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் கோப்பை விட்டுவிட்டு வருவதும் சின்ன அலட்சியங்கள் ஆகா. குழந்தையின் பெயரோ பள்ளியோ ஊடகத்தில் வெளியானால் 74ஆவது பிரிவின் கீழ் ஆறு மாதச் சிறை வரை போகலாம். அந்தக் கவனம் நம் அலுவலகங்களுக்குள்ளும் வேண்டும்.

அடுத்த அமர்விலிருந்து, அறிக்கையைக் கையில் எடுக்கும்போதே பணியாளரிடம் கேளுங்கள்: "இது எங்களிடம் வரும் என்று குழந்தையிடம் சொன்னீர்களா?" அவர் தரும் பதிலை நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யுங்கள். இல்லை என்றால், குழந்தையைத் தனியே அழைத்து நீங்களே சொல்லுங்கள். அதன்பின் விசாரணையைத் தொடருங்கள்.

இப்படிக்கு,
களத்தில் பணியாற்றும் ஒரு சமூகப் பணியாளர்