விளக்கு எரிகிறது, போர்ட் தெரியவில்லை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. புது ஈஎஸ்பி32 போர்டில் (வைஃபை உள்ள சிறிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டு) சிவப்பு விளக்கு எரிகிறது, லேப்டாப்பில் அதோடு பேசும் சீரியல் போர்ட் மட்டும் காணோம், டிரைவரை இரண்டு தடவை போட்டாயிற்று என்று எழுதியிருக்கிறாய். டிரைவரை இனித் தொடாதே. உபுண்டு லினக்ஸில், போர்டில் யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் சிபி2102, சிஎச்340 இரண்டு சிப்புக்கும் டிரைவர் லினக்ஸின் மையமான கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. உன் புரோகிராமையும் இப்போதைக்குத் தொடவேண்டாம். லேப்டாப் பக்கத்திலிருந்து போர்டை நோக்கி ஒவ்வொரு கண்ணியாகச் சோதித்துக்கொண்டு போ. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மூன்றை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

விளக்கு எரிவது 5 வோல்ட் வருகிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. யூஎஸ்பி கேபிளில் சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தரவுக்கு. பவர்பேங்க், டிரிம்மர், சார்ஜ் டார்ச் இவற்றோடு வரும் கேபிள்கள் பலவற்றில் பச்சையும் வெள்ளையும் இருக்கவே இருக்காது. அதே கேபிளால் உன் போனை லேப்டாப்பில் செருகி, ஒரு படத்தை நகலெடுத்துப் பார். படம் வந்தால் கேபிள் நல்லது. வராவிட்டால் அதில் ஒரு முடிச்சுப் போட்டுத் தனியாக வை, மறுபடி கையில் சிக்காமல் இருக்கும்.

கேபிள் நல்லதென்றால், டெர்மினலில் சூடோவோடு, கெர்னல் எழுதும் செய்திகளைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜி கட்டளையைத் தொடர்ந்து ஓடும்படி (sudo dmesg -w) விட்டுவிட்டு போர்டைச் செருகு. ஒரு வரியும் வராவிட்டால் சிக்கல் கேபிளிலோ, சாக்கெட்டிலோ, போர்டின் யூஎஸ்பி சிப்பிலோ. 'டிஸ்கிரிப்டர் ரீட் எரர்' என்று மைனஸ் 71 வந்தால் பெரும்பாலும் தொடுப்பு சரியில்லை: சாக்கெட்டின் சால்டர் விட்டிருக்கும், அல்லது இடையில் ஒரு மட்டமான ஹப் இருக்கும். உன் போர்டில் யூஎஸ்பி சாக்கெட்டை ஒட்டி இருக்கும் சிறிய சிப் சிஎச்340 ஆக இருந்து, லேப்டாப்பில் உபுண்டு 22.04 இருந்தால் இன்னொன்றும் நடக்கலாம். டிடிஒய்-யூஎஸ்பி0 என்று போர்ட் கிடைத்ததாக ஒரு வரி வரும். அடுத்த நொடியே 'டிஸ்கனெக்டட்' என்று இன்னொரு வரி வரும். நீ சொல்லும் அறிகுறிக்கு இதுதான் அச்சாகப் பொருந்துகிறது.

காரணம் பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள். பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் காட்சிக் கருவிகளுக்கானது அது. அப்படி ஒரு கருவிக்குள்ளும் இதே சிப் இருக்கிறது; இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றே, 1ஏ86:7523. அதனால் உன் போர்டைப் பிரெய்ல் கருவி என்று நினைத்து அது பிடித்துக்கொள்கிறது. அந்த லேப்டாப்பில் யாருக்கும் பிரெய்ல் தேவையில்லை என்றால் அந்தப் பேக்கேஜை நீக்கிவிட்டு, போர்டைப் பிடுங்கிச் செருகு. யாருக்காவது தேவை என்றால் தயவுசெய்து நீக்காதே. செருகிய கருவியை எந்த மென்பொருளிடம் கொடுப்பது என்று சொல்லும் பிஆர்எல்டிடிஒய்-யின் யூடெவ் விதிக் கோப்பில் இந்த எண் உள்ள ஒரு வரியை மட்டும் குறிப்பு வரியாக மாற்றினால் போதும், இந்த எண் இல்லாத மற்ற பிரெய்ல் கருவிகளும் வேலை செய்யும், உன் போர்டும் வேலை செய்யும்.

போர்ட் தெரிந்த பிறகு 'பெர்மிஷன் டினைட்' என்று வந்தால், உன் பயனர் பெயரை, சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்க்கவேண்டும். சேர்த்ததும் லாக்அவுட் செய்து திரும்ப உள்ளே வா. புது டெர்மினல் திறந்தால் மட்டும் போதாது.

இப்போது யூஎஸ்பி சிப்பும் கேபிளும் டிரைவரும் சேர்ந்து சரியா என்று ஒரே சோதனையில் தெரிந்துகொள்ளலாம். போர்டின் இஎன் பின்னை (ரீசெட் பின்) ஒரு ஜம்பர் ஒயரால் கிரவுண்டில் சேர். ஈஎஸ்பி32 ரீசெட்டிலேயே கிடக்கும், அதன் பின்கள் எதையும் இழுக்காது. டிஎக்ஸ்0 (அனுப்பும் பின்), ஆர்எக்ஸ்0 (வாங்கும் பின்) இரண்டையும் இன்னொரு ஜம்பரால் ஒன்றோடொன்று சேர். சீரியல் டெர்மினல் புரோகிராமில், தட்டியதைத் தானே திரையில் காட்டும் லோக்கல் எக்கோவை அணைத்துவிட்டு ஏதாவது தட்டு. தட்டிய எழுத்து திரும்பி வந்தால், லேப்டாப்பிலிருந்து யூஎஸ்பி சிப் வரைக்கும் பழுதில்லை. இனித் தேடவேண்டியது ஈஎஸ்பி32 பக்கத்தில் மட்டும். பாதி வழியை ஒரே வெட்டில் தள்ளிவிடுகிற சோதனை இது. எனக்கு இதுதான் மிகப் பிடித்தது.

இரண்டு ஜம்பரையும் எடுத்துவிட்டு, 115200 வேகத்தில் சீரியல் மானிட்டரைத் திறந்து இஎன் பட்டனை ஒரு தட்டுத் தட்டு. நீ எந்தப் புரோகிராமும் ஏற்றாவிட்டாலும், சிப்பின் ராமுக்குள் அல்ல, ரோமுக்குள் எரித்து வைத்த குறியீடே ரீசெட் காரணத்தையும் பூட் முறையையும் அச்சிடும். புரோகிராம் சேமிக்கும் ஃபிளாஷ் நினைவகம் காலியாக இருந்தால் 'இன்வாலிட் ஹெடர்' என்று ஓயாமல் வரும். அதைப் பார்த்துப் பயப்படாதே. போர்டு பேசுகிறது என்று பொருள்.

எழுத்துக்குப் பதில் குப்பை வந்தால் பாட் ரேட் (நொடிக்கு எத்தனை பிட் என்ற வேகம்) பொருந்தவில்லை. 9600-இல் ஒரு பிட் 104 மைக்ரோவினாடி நீளம், 115200-இல் 8.68 மட்டுமே. வாங்கும் பக்கம் ஸ்டார்ட் பிட்டின் விளிம்பைப் பிடித்து, அங்கிருந்து 10 பிட்டை எண்ணிக்கொண்டு போகிறது. இரு பக்கக் கடிகாரமும் ஏறத்தாழ 2 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் தாங்கும், அதற்கு மேல் கடைசி பிட்டுகள் தப்பும். உன்னிடம் இருக்கும் பழைய ஈஎஸ்பி8266-இல் தொடக்கத்தில் சில வரி குப்பையாகவும் பிறகு சரியாகவும் வரும். அது பழுதல்ல. அதன் கிறிஸ்டல் 26 மெகாஹெர்ட்ஸ், ரோம் குறியீடு 40 என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. 115200-ஐ 26-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 74880. அந்த வேகத்தில் திறந்தால் அந்த வரிகளும் தெளிவாக வாசிக்கக் கிடைக்கும்.

எழுத்துகள் சரியாக வந்து, நடுநடுவே விட்டுப்போனால் வேறு ஏதாவது புரோகிராம் அதே போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறதா பார். லினக்ஸ் இரண்டு பேரையும் உள்ளே விடும். வரும் எழுத்துகளை இருவரும் பங்குபோட்டுக்கொள்வார்கள்.

புரோகிராம் ஏற்றும்போது 'கனெக்டிங்' என்று புள்ளிகள் மட்டும் நீண்டுகொண்டே போனால், சிப் ஏற்றும் முறைக்குள் போகவில்லை. ரீசெட் விடுபடும் நொடியில் ஜிபிஐஓ 0 என்ற பின் கீழே (0 வோல்ட்டில்) இருக்கவேண்டும். போர்டில் உள்ள இரண்டு டிரான்சிஸ்டர்கள், யூஎஸ்பி சிப்பிலிருந்து வரும் டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற கட்டுப்பாட்டுக் கோடுகளை வைத்து இதைச் செய்கின்றன, ஆனால் சில போர்டுகளில் இஎன் முந்திக்கொண்டு எழும்பிவிடும். பூட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு இஎன்-ஐ ஒரு தட்டுத் தட்டி, புள்ளிகள் நின்றதும் விடு. ஒவ்வொரு முறையும் இதே தொல்லை என்றால் இஎன்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 1 முதல் 10 மைக்ரோஃபாரட் வரை ஒரு கெப்பாசிட்டர் வை. எலக்ட்ரோலிட்டிக் என்றால் மைனஸ் கால் கிரவுண்டுக்கு. ஏற்றும்போது பாதியில் அறுந்தால் வேகத்தை 921600-இலிருந்து 115200-க்குக் குறை.

தண்ணீர்த் தொட்டிக்கு வாங்கியிருக்கும் 5 வோல்ட் சென்சார் பற்றிக் கேட்டிருந்தாயே. அதை டிஎக்ஸ்0, ஆர்எக்ஸ்0 பின்களில் இணைக்காதே, புரோகிராம் ஏற்றுவதே நின்றுபோகும். ஜிபிஐஓ 16 ஆர்எக்ஸ், 17 டிஎக்ஸ் என்று இரண்டாவது சீரியலுக்கு விடு. உன் ஈஎஸ்பி32 மாட்யூல் ரோவர் (WROVER) வகை என்றால் அந்த இரண்டும் உள்ளே நினைவகச் சிப்புக்குப் போய்விடும், வேறு பின் தேர்ந்தெடு. இணைப்பதற்கு முன் சென்சாருக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, அதன் டிஎக்ஸ் பின்னை மல்டிமீட்டரால் அள. சீரியல் கோடு சும்மா இருக்கும்போது மேலே நிற்கும், ஆகவே மீட்டர் காட்டும் எண்ணே அதன் மட்டம். 5 வோல்ட் காட்டினால் நேராகக் கொடுக்கக்கூடாது. ஈஎஸ்பி32 பின் தாங்குவது 3.6 வரைதான். டிஎக்ஸிலிருந்து 1 கிலோ ஓம் தொடராகவும், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓமும் வைத்தால் இரண்டும் சேரும் நடுவில் 3.33 வோல்ட் கிடைக்கும். சென்சாரின் கிரவுண்டும் போர்டின் கிரவுண்டும் ஒன்றாகச் சேர்ந்திருக்கவேண்டும். இதை மறந்தால் சில சமயம் வரும், சில சமயம் வராது, கையை ஒயர் பக்கத்தில் கொண்டுபோனால் மாறும்.

வைஃபை ஓடத் தொடங்கியதும் 'பிரவுன்அவுட்' (வோல்டேஜ் சரிந்தது) என்று எழுதிவிட்டு மறுபடி மறுபடி ரீசெட் ஆனால் அது சீரியல் பழுதல்ல, மின்சாரம் போதவில்லை. 500 மில்லிஆம்பியருக்குக் குறையாத சப்ளை, குட்டையான தடித்த கேபிள், ஹப் இல்லாமல் நேராக லேப்டாப் போர்ட்.

அடுத்த கடிதத்தில், போர்டைச் செருகியதும் டிஎம்இஎஸ்ஜியில் வரும் கடைசி பத்து வரியையும், யூஎஸ்பி சாக்கெட் பக்கத்துச் சிப்பின் மேல் எழுதியிருப்பதையும் அனுப்பு. போன் கேமராவில் பெரிதாக்கினால் எழுத்து படிக்க வரும். இஎன் அழுத்தியதும் வரும் முதல் இரண்டு வரியையும் அப்படியே காப்பி எடுத்துப் போடு, சுருக்கி எழுதாதே.

அன்புடன்,
உன் நண்பன்